மோட்டல் பட்டேலுக்கு, நெயில் சலூன் வியட்நாமியருக்கு: யார் பங்கு போட்டுக் கொடுத்தது?

சமீபத்தில் டல்லாஸுக்கு வேலைக்கு வந்த தம்பி ஒருவர் ஃபோனில் கேட்டார்: “அண்ணா, இங்கே மோட்டலில் தங்கப் போனால் பட்டேல். நெயில் சலூன் எல்லாம் வியட்நாம்காரர்கள். கலிஃபோர்னியா போனபோது டோனட் கடையில் கம்போடியாக்காரர். நியூயார்க்கில் மூலைக்கடை ஏமன்காரருடையது, டிரை கிளீனிங் கொரியருடையது. இதையெல்லாம் யார் இப்படிப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள்? நமக்கு மட்டும் ஏன் ஒன்றும் இல்லை? தமிழனுக்கு வியாபார புத்தியே கிடையாதா?” ஃபோனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்று எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அந்த ‘வியாபார புத்தி’யை ஓரமாக வைத்துவிடலாம். ரத்தத்திலேயே ஓடுகிறது என்ற விளக்கம் எல்லோருக்கும் பிடிக்கும். ஜெயித்தவருக்குப் பெருமை, பார்த்துக்கொண்டிருப்பவருக்குச் சமாதானம். ஆனால் கொஞ்சம் தோண்டினால் நிற்காது. பட்டேல்கள் குஜராத்தில் நிலம் வைத்துப் பயிர் செய்தவர்கள், சத்திரம் நடத்திய பரம்பரை அல்ல. நகப்பூச்சுத் தொழிலைக் கற்றுக்கொண்டு வியட்நாமியப் பெண்கள் யாரும் கப்பல் ஏறவில்லை. டோனட் கடை கம்போடிய வழக்கமே அல்ல. சலவைத் தொழில் சீனர்களுக்கே உரியது என்று ஒரு காலத்தில் அமெரிக்காவே நம்பியது. அந்தச் சீன ஆண்களோ ஊரில் துணி துவைத்தே பழக்கமில்லாதவர்கள்; அங்கே அது பெண்கள் வேலை.

அப்படியானால் எங்கே தேடுவது? சட்டத்தில் தேடுங்கள் என்பேன். எந்தக் கதவைப் பூட்டினார்கள், எதற்குத் தாழ்ப்பாள் போட மறந்தார்கள் என்று பார்த்தால் பாதிக் கதை புரிந்துவிடும். அந்தக் கதவு வழியே முதலில் நுழைந்த ஆள் யார், அவர் பின்னால் யாரைக் கூப்பிட்டார் என்பது மீதிக் கதை.

சீனர்களிடமிருந்தே தொடங்குகிறேன். 1850களில் தங்கம் தேடிக் கலிஃபோர்னியா வந்தவர்கள் அவர்கள். சுரங்கத்தில் அவர்கள் மேல் தனி வரி விழுந்தது. அடிதடியும் விரட்டலும் சேர்ந்தே வந்தன. பிறகு ரயில் பாதை போடப் போனார்கள். 1869-இல் பாதை முடிந்ததும் அந்த வேலையும் போயிற்று. தொழிற்சாலைகளில் சேர்ந்தால் வெள்ளைத் தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். மிஞ்சியது என்ன? பெண்களே குறைவாக இருந்த ஊரில் யாரும் செய்ய விரும்பாத துணி துவைக்கும் வேலை. ஒரு தொட்டி, சோப்பு, இஸ்திரிப் பெட்டி, நாலைந்து ஆங்கில வார்த்தை போதும். வெள்ளையருடன் போட்டியில்லை, அதனால் சண்டையும் இல்லை என்று நினைத்தார்கள்.

அங்கேயும் விடவில்லை. 1880-இல் சான்ஃபிரான்சிஸ்கோ நகராட்சி ஒரு விதி கொண்டுவந்தது: மரக் கட்டிடத்தில் சலவைக்கடை நடத்த வேண்டுமானால் நகர மேற்பார்வைக் குழுவின் அனுமதி வேண்டும். படித்தால் தீ விபத்துப் பாதுகாப்பு மாதிரிதான் இருக்கும். நகரத்தில் அப்போது சுமார் 320 சலவைக்கடைகள், அவற்றில் 310 வரை மரக் கட்டிடங்கள், மொத்தத்தில் 240 சீனர்களுடையவை. அனுமதி கேட்ட 200 சீனர்களில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. சீனர் அல்லாத 80 பேரில் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் கிடைத்தது. 22 வருடமாக ஒரே இடத்தில் கடை வைத்திருந்த ஒருவர், தீயணைப்பு அதிகாரிகளே சோதித்துச் சான்று கொடுத்த கடையை வைத்திருந்தவர், வழக்குப் போட்டார். கடையின் பெயர் யிக் வோ. அதையே அவர் பெயர் என்று நினைத்து எழுதிவிட்டார்கள். இன்றுவரை அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் வழக்கு அந்தப் பெயரில்தான் படிக்கப்படுகிறது. 1886-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எழுத்தில் சமமாக இருக்கும் சட்டத்தை ஓரவஞ்சனையாக நடைமுறைப்படுத்தினாலும் அது செல்லாது, குடிமகனாக இல்லாதவருக்கும் சம பாதுகாப்பு உண்டு என்பது தீர்ப்பின் சாரம். அமெரிக்காவில் குடியேறியவர்களின் உரிமை பற்றிய ஆதாரத் தீர்ப்புகளில் ஒன்று ஒரு வண்ணான் கடையிலிருந்து வந்தது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அதற்கு நான்கு வருடம் முன்பே, 1882-இல், சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரவே தடை வந்துவிட்டது. வணிகர், மாணவர், ஆசிரியர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. வணிகர் போய்வரலாம், மனைவி மக்களை அழைத்துக்கொள்ளலாம். சலவைக்காரர் வணிகர் இல்லை, தொழிலாளி. சாப்பாட்டுக் கடைக்காரர்? 1915-இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு அவரையும் வணிகர் கணக்கில் சேர்த்தது. கடை கொஞ்சம் பெரிதாக, கௌரவமாக இருக்க வேண்டும். முதலாளி பாத்திரம் கழுவக் கூடாது, நிர்வாகம் மட்டும் பார்க்க வேண்டும். உடனே என்ன செய்தார்கள் தெரியுமா? சொந்தக்காரர்களும் ஊர்க்காரர்களும் பணம் போட்டுக் கூட்டாகப் பெரிய கடை திறந்தார்கள். பங்காளிகள் முறைவைத்து ஒருவர் மாற்றி ஒருவர் மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். தன் முறை முடிந்தவர் ஊருக்குப் போய்க் குடும்பத்தைப் பார்த்து வரலாம். 1910-க்கும் 1920-க்கும் இடையில் நியூயார்க்கின் சீன உணவகங்கள் பல மடங்கு பெருகின. அமெரிக்கர்களின் நாக்கு ருசி மாறியதும் ஒரு காரணம்தான். ஆனால் ஒரு விசா விதி இத்தனை சமையலறைகளில் அடுப்பு மூட்டியிருக்கிறது என்பதைப் பார்த்த பிறகு, மரபு, பண்பாடு என்ற விளக்கங்களைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

இனி பட்டேல்கள். இங்கே கதை ஒரு கசப்பான இடத்தில் தொடங்குகிறது.

பசிபிக் கரை ஊர்களில் கூலிகளும் மாலுமிகளும் வாரவாடகைக்குத் தங்கும் மலிவு விடுதிகள் அப்போது நிறைய ஜப்பானியர் கையில் இருந்தன. 1942 பிப்ரவரி 19-இல் அதிபர் ரூஸ்வெல்ட் ஒரு ஆணையில் கையெழுத்திட்டார். மேற்குக் கரையிலிருந்த சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அதில் பெரும்பான்மையினர் அமெரிக்கக் குடிமக்கள். கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கடை, வயல், விடுதி எல்லாம் வந்த விலைக்குப் போயின. சேக்ரமென்டோவில் அப்படி முகாமுக்குப் போக வேண்டியிருந்த ஒருவரின் 32 அறை விடுதியை எடுத்து நடத்த ஆரம்பித்தவர்களில் ஒருவர் கஞ்சிபாய் மஞ்சு தேசாய், சூரத் பக்கத்துக் குஜராத்தி. அமெரிக்கக் குஜராத்தி விடுதித் தொழிலின் பிள்ளையார் சுழி இதுதான் என்று அவர்களே சொல்வார்கள். பிறகு சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு மாறி, கோல்ட்ஃபீல்ட் என்ற விடுதியை நடத்தினார். ஊரிலிருந்து வந்து இறங்கும் பையன்களுக்கு அங்கே இடமும் சாப்பாடும் கிடைக்கும். கூடவே ஓர் அறிவுரையும்: நீ பட்டேல் என்றால் ஒரு ஹோட்டலைக் குத்தகைக்கு எடு.

விடுதி ஏன்? யோசித்துப் பாருங்கள். வீட்டு வாடகை மிச்சம், அங்கேயே குடியிருக்கலாம். கணவன் மேசையில், மனைவி அறை சுத்தம் செய்வதில், பிள்ளைகள் படுக்கை விரிப்பில்; சம்பளம் யாருக்கும் இல்லை. ஆங்கிலம் அதிகம் வேண்டாம். மாட்டிறைச்சி, மதுவைத் தொட வேண்டியதில்லை, அது சைவக் குடும்பங்களுக்குப் பெரிய விஷயம். ஆனாலும் 1946 வரை இந்தியர்கள் குடியுரிமைகூடப் பெற முடியாது; அந்த வருடச் சட்டமும் வருடத்துக்கு 100 இந்தியர்களைத்தான் உள்ளே விட்டது. பெரிய வாசல் திறந்தது 1965-இல், நாடுவாரி ஒதுக்கீட்டு முறை ஒழிந்து குடும்ப உறவுக்கு முன்னுரிமை வந்தபோது. அண்ணன் தம்பியை அழைத்தான், தம்பி மச்சானை அழைத்தான். 1972-இல் இடி அமீன் 90 நாள் கெடு வைத்து உகாண்டாவிலிருந்து ஆசியர்களை விரட்டினார். அவர்களில் பெரும்பாலானோர் பிரிட்டனுக்குப் போனாலும் ஒரு பகுதி இங்கேயும் வந்து சேர்ந்தது, கடை நடத்திய அனுபவத்தோடு. அடுத்த வருடமே எண்ணெய் நெருக்கடி. காரில் ஊர் சுற்றுவது குறைந்து, நெடுஞ்சாலை மோட்டல்கள் படுத்துவிட்டன. வயதான வெள்ளை முதலாளிகள் தள்ளிவிட்டால் போதும் என்றிருந்தார்கள். சரியான நேரத்தில் சரியான இடம்! இதில் புத்தி எவ்வளவு, காலம் எவ்வளவு என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

முன்பணம் சொந்தங்களிடமிருந்து வரும். பத்திரம் கிடையாது, வட்டி பெரும்பாலும் கிடையாது. உனக்கு நடக்கும்போது அடுத்தவனுக்குக் கொடு என்பதுதான் ஒப்பந்தம். எதிர்ப்பும் வந்தது. 1970களிலும் 80களிலும் காப்பீட்டு நிறுவனங்கள் பட்டேல் என்ற பெயரைப் பார்த்தாலே பாலிசி மறுத்தன. பக்கத்து மோட்டல்காரர் ‘அமெரிக்கர் நடத்துவது’ என்று வாசலில் பலகை வைத்தார். அதாவது, அந்தப் பக்கம் போகாதே என்று அர்த்தம். அந்த அவமானத்தில்தான் 1985-இல் டென்னசியில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1989-இல் அட்லாண்டாவில் இன்னொன்று. பிறகு இரண்டும் ஒன்றாயின. இன்று அந்த ஆசிய அமெரிக்க ஹோட்டல் உரிமையாளர் சங்கத்தின் உறுப்பினர்கள் சுமார் 20,000 பேர். நாட்டின் ஹோட்டல்களில் ஏறக்குறைய 60 சதவீதம் தங்கள் கையில் என்கிறது சங்கக் கணக்கு. மக்கள்தொகையில் இந்தியர்கள் 2 சதவீதம்கூட இல்லை.

பல வருடம் முன்பு ஆர்கன்சாவில் பனிப்புயலில் மாட்டிக்கொண்டு ஒரு மோட்டலில் ஒதுங்கினோம். மேசைக்குப் பின்னால் இருந்த கதவு திறந்ததும் கடுகு தாளிக்கிற வாசனை. அந்தம்மா எங்களைப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது, “வாசனை வருகிறதா? வெள்ளைக்காரர்கள் புகார் சொல்வார்கள், அதனால் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் தாளிப்பேன்.” பன்னிரண்டு வருடமாக அந்தக் கட்டிடத்தை விட்டு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வெளியே போனதில்லையாம். 60 சதவீதம் என்று யாராவது பெருமையாகச் சொல்லும்போது எனக்கு அந்தப் பத்து மணிக் கடுகுதான் நினைவுக்கு வரும்.

பணம் பற்றிச் சொன்னேனே, அதில் நமக்குப் பழக்கமான ஒரு சமாசாரம் இருக்கிறது: சீட்டு. கொரியர்கள் அதைக் ‘கே’ என்பார்கள், சீனர் ‘ஹுய்’, ஜப்பானியர் ‘தனொமொஷி’, கரீபியக் கறுப்பர்கள் ‘சூசு’. இருபது பேர் மாதம் ஆயிரம் டாலர் போட்டால், ஒருவர் இருபதாயிரத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு முன்பணம் கட்டிவிடலாம். குலுக்கல் சீட்டும் உண்டு, ஏலச் சீட்டும் உண்டு, நம் ஊரில் போலவே. வங்கிக்குப் போனால் கடன் வரலாறு கேட்பான்; நேற்று வந்திறங்கியவனுக்கு வரலாறு ஏது? இங்கே அடமானம் மானம்தான். ஓடிப்போனால் மாதா கோயிலில் முகம் காட்ட முடியாது, மகளுக்கு வரன் அமையாது. ஓடிப்போனவர்களும் உண்டு என்பது வேறு விஷயம். நம் ஊர் தீபாவளிச் சீட்டு தெரிந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் சீட்டையே மந்திரக்கோல் ஆக்கிவிடக் கூடாது. 1970, 80களில் வந்த கொரியர்களில் நிறையப் பேர் பட்டதாரிகள், நர்ஸ், பொறியாளர், ஆசிரியர். ஊரில் இருந்த வீட்டை விற்றுப் பணத்தோடு வந்தவர்களும் உண்டு. படிப்பை இங்கே யாரும் மதிக்கவில்லை, ஆங்கிலமும் வரவில்லை, அதனால் காய்கறிக் கடை. நியூயார்க்கில் விடியுமுன் பிராங்க்ஸின் ஹன்ட்ஸ் பாயின்ட் மொத்தச் சந்தைக்குப் போய்ப் பெட்டி தூக்கியவர்களில் தென்கொரியத் தலைநகர் சோலில் டை கட்டி வேலை பார்த்தவர்கள் பலர். அவர்களுக்குக் கடை என்பது முன்னேற்றத்துக்கு முன்னால் வந்த இறக்கம். இதைச் சொல்லாமல் ‘ஒன்றுமில்லாமல் வந்து கோடீஸ்வரர் ஆனார்கள்’ என்று கதை விட்டால், கேட்கிறவர்கள் தவறான பாடம் படிப்பார்கள்.

டோனட்டுக்கும் நகத்துக்கும் வருகிறேன். இரண்டும் ஒரே வருடத்தில் தொடங்குகின்றன: 1975. தெற்கு வியட்நாமின் தலைநகர் சைகோனும் கம்போடியத் தலைநகர் நொம்பென்னும் கம்யூனிஸ்டுகளிடம் வீழ்ந்தன.

கம்போடிய ராணுவத்தில் மேஜராக இருந்த டெட் ங்கோய் குடும்பத்தோடு கலிஃபோர்னியாவின் பென்டில்டன் ராணுவ முகாமில் வந்து இறங்கினார். பகலில் தேவாலயத்தில் துப்புரவு வேலை, இரவில் பெட்ரோல் பங்க். பங்குக்குப் பக்கத்தில் ஒரு டோனட் கடை. வாசனை பிடித்துப்போய் வாங்கித் தின்றவருக்கு ஊர்ப் பலகாரம் ஒன்று நினைவுக்கு வந்ததாம். விஞ்செல்ஸ் என்ற பெரிய டோனட் நிறுவனத்தின் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தார். 1977-இல் லா ஹப்ராவில் சொந்தமாக ஒரு கடை வாங்கினார். அப்புறம் நடந்ததுதான் முக்கியம். கம்போடியாவைப் பிடித்த கெமர் ரூஜ் கம்யூனிஸ்டுகளிடமிருந்து தப்பி வந்துகொண்டிருந்த அகதிக் குடும்பங்களுக்கு ஜாமீன் கொடுத்து அழைத்தார், வேலை கற்றுக்கொடுத்தார், கடை வாங்கி அவர்களுக்கே குத்தகைக்கு விட்டார். அவர்கள் இன்னும் நாலு பேருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இரவு ஒரு மணிக்கு மாவு பிசைய வேண்டிய தொழில். உள்ளூர்க்காரர் யாருக்கு அது வேண்டும்? பெரிய சங்கிலி நிறுவனங்களே தெற்குக் கலிஃபோர்னியாவில் இவர்களிடம் தோற்றன. கலிஃபோர்னியாவில் டோனட் இளஞ்சிவப்பு அட்டைப் பெட்டியில் வருவதைக் கவனித்திருப்பீர்கள். வெள்ளைப் பெட்டியைவிட அது சில சென்ட் மலிவு, அவ்வளவுதான். சிவப்பு ராசியான நிறம், இளஞ்சிவப்பு அதற்குக் கிட்டே வருகிறது என்ற சௌகரியமும் சேர்ந்ததாகச் சொல்வார்கள். ங்கோய் பிறகு லாஸ் வேகஸ் சூதாட்டத்தில் அத்தனையும் இழந்தார். கடைகள் இழக்கவில்லை; அவை அதற்குள் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் கைக்குப் போயிருந்தன.

நகக் கதையில் முதல் ஆள் வெளியாள். சேக்ரமென்டோ அருகே அகதி முகாமுக்கு உதவி செய்ய வந்த ஹாலிவுட் நடிகை டிப்பி ஹெட்ரன், பெண்களுக்குத் தட்டச்சு, தையல் என்று என்னென்னவோ சொல்லிக்கொடுக்கப் பார்த்தார். அவர்கள் பார்த்ததோ அவர் விரல் நகத்தை. தன் நகக் கலைஞரையே வரவழைத்துச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 20 பெண்கள் கற்றார்கள். இந்தத் தொழிலுக்கு உரிமம் வாங்கச் சில மாதப் பயிற்சி போதும். கணவனும் மனைவியும் சேர்ந்து செய்யலாம். பேச்சு குறைவு. அதுவரை நகப்பூச்சு பணக்காரப் பெண்களின் ஆடம்பரம். இவர்கள் விலையை இறக்கி அதை அலுவலகம் போகிற பெண்ணின் சனிக்கிழமைச் செலவாக மாற்றினார்கள். அதாவது இருந்த சந்தையைப் பிடுங்கவில்லை, இல்லாத சந்தையை உண்டாக்கினார்கள். இன்று நாட்டின் நகத் தொழிலாளர்களில் சுமார் பாதிப் பேர் வியட்நாமிய வம்சாவளி.

இனி நம் ஆட்கள் மேடையில் பேசாத பக்கம்.

தன் இனத்தவனே முதலாளி என்றால் நல்லது என்று நினைக்கத் தோன்றும். வேலை கிடைக்கிறது, மொழி புரிகிறது, பண்டிகைக்கு லீவு. உண்மைதான், ஆனால் சுரண்டுவதற்கும் அதே மொழிதான். 1911 மார்ச் 25-இல் நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை எரிந்து 146 பேர் செத்தார்கள், பெரும்பாலும் யூத, இத்தாலியக் குடியேறிப் பெண்கள். வெளியே போகும் கதவு ஒன்று பூட்டியிருந்தது. முதலாளிகள் இருவரும் ரஷ்யாவிலிருந்து வந்த யூதர்கள். 84 வருடம் கழித்து, 1995 ஆகஸ்டில், லாஸ் ஏஞ்சலிஸ் அருகே எல் மான்டேயில் முள்கம்பி வேலிக்குள் அடைபட்டுத் துணி தைத்துக்கொண்டிருந்த 72 தாய்லாந்துக்காரர்களை மீட்டார்கள். அடைத்து வைத்திருந்தவர்களும் தாய்லாந்துக்காரர்களே. பயணக் கடன், பறிக்கப்பட்ட பாஸ்போர்ட், ‘ஓடினால் ஊரில் உன் குடும்பம்’ என்ற மிரட்டல். வெளி முதலாளியால் அந்தக் கடைசி மிரட்டலைப் போட முடியாது. இவை உச்சங்கள். அன்றாடத்தில் அது ரொக்கச் சம்பளமாக, எழுதப்படாத ஓவர்டைமாக, ‘நம்ம பையன்தானே’ என்ற சொல்லாக இருக்கும்.

சமூகவியலாளர்கள் இதில் ரொம்ப நாள் சண்டை போட்டிருக்கிறார்கள். மயாமியின் கியூபர்களைப் பார்த்த ஒரு அணி, சொந்த இனப் பொருளாதாரத்தில் வேலை செய்தாலும் முன்னேறலாம் என்றது. சீனாடவுன்களைப் பார்த்த இன்னொரு அணி, முதலாளி முன்னேறுகிறான், தொழிலாளி நிற்கிற இடத்தில் நிற்கிறான் என்றது. எனக்கு இரண்டாவது அணிப் பக்கம் சாய்வு. கியூபர்களுக்கு வந்த உதவி வேறு யாருக்கும் வந்ததில்லை. 1959 புரட்சிக்குப் பிறகு முதலில் ஓடி வந்தவர்கள் ஹவானாவின் மேல்தட்டு. கம்யூனிச எதிரிகள் என்பதால் அமெரிக்க அரசே தனித் திட்டம் போட்டுப் பணம் கொடுத்தது. ஹவானாவில் யார் எப்படிப்பட்டவர் என்று தெரிந்த கியூப வங்கி அதிகாரிகள், மயாமியில் உட்கார்ந்து ஆள் முகத்தைப் பார்த்தே கடன் கொடுத்தார்கள். அதை மற்றவர்களுக்கு உதாரணமாகக் காட்டுவது நியாயமில்லை.

அப்புறம் கடை எங்கே இருக்கிறது என்ற கேள்வி. லாஸ் ஏஞ்சலிஸ் தெற்குப் பகுதியில் 1965 வாட்ஸ் கலவரத்துக்குப் பின் பெரிய கடைகள் திரும்பி வரவில்லை. இருந்த யூத வணிகர்களும் விற்றுவிட்டுப் போனார்கள். மலிவாகக் கிடைத்ததை வாங்கியவர்கள் கொரியர்கள். மேலே பெரிய மதுபான நிறுவனம், கீழே ஏழைக் கறுப்பின வாடிக்கையாளர், நடுவில் துப்பாக்கியை மேசைக்கடியில் வைத்துக்கொண்டு பதினாறு மணி நேரம் நிற்கும் கொரியக் குடும்பம். யாருடைய கோபமானாலும் முதலில் படுவது நடுவில் நிற்பவர் மேல்தான். 1991 மார்ச்சில் 1.79 டாலர் ஆரஞ்சு ஜூஸ் தகராறில் லடாஷா ஹார்லின்ஸ் என்ற 15 வயதுக் கறுப்பினப் பெண்ணைக் கொரியக் கடைக்காரம்மா பின்தலையில் சுட்டுக் கொன்றார். அந்தப் பெண் கையில் இரண்டு டாலர் இருந்தது. குற்றம் நிரூபணமாகியும் நீதிபதி சிறைத்தண்டனை கொடுக்கவில்லை. நன்னடத்தைக் கண்காணிப்பு, சமூக சேவை, 500 டாலர் அபராதம். 1992 ஏப்ரல் 29-இல் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸ்காரர்கள் குற்றவாளிகள் இல்லை என்ற தீர்ப்பு வந்தபோது எரிந்தும் சூறையாடப்பட்டும் சேதமானவற்றில் 2,000-க்கும் மேற்பட்ட கொரியக் கடைகள் இருந்தன. போலீஸ் வரவில்லை. கொரியர்கள் அந்த நாளை இன்றும் ‘சாஇகு’ என்பார்கள்: நாலு, இரண்டு, ஒன்பது. தேதியையே பெயராக்கிவிட்டார்கள்.

நமக்கு இது புதிதில்லை. பர்மாவில் நகரத்தார் வட்டிக்கடைகளின் கதை இதற்கு அண்ணன். 1930களின் விலை வீழ்ச்சியில் கடன் திரும்பாமல், விரும்பாமலே நிலம் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் 1937-க்குள் செட்டியார்கள் வசம். பிரிட்டிஷ் ஆட்சியும் பிரிட்டிஷ் வங்கியும் மேலே பத்திரமாக இருக்க, பர்மிய விவசாயியின் கண்ணுக்குத் தெரிந்த எதிரி கிட்டங்கியில் உட்கார்ந்திருந்த நம் ஆள்.

இந்தக் கதைகளைக் கேட்டதும் சிலர் அடுத்து ஒன்று சொல்வார்கள், நம் ஆட்களே விருந்துகளில் சொல்லிக் கேட்டிருக்கிறேன்: “இவ்வளவு பேர் வந்து கடை போட்டு முன்னேறினார்களே, இங்கேயே பிறந்த கறுப்பர்கள் ஏன் செய்யவில்லை?” அவர்கள் செய்தார்கள். அடிமைத்தளையிலிருந்து வந்தவர்களின் சேமிப்புக்கென்று 1865-இல் ஒரு வங்கி தொடங்கப்பட்டது. நிர்வாகிகள் பணத்தைக் கண்டபடி கடன் விட்டு 1874-இல் கவிழ்த்தார்கள். 61,000 பேரின் சுமார் 30 லட்சம் டாலர் மாட்டிக்கொண்டது. ஓக்லஹோமாவின் டல்சாவில் கிரீன்வுட் என்ற கறுப்பின வணிகப் பகுதி ஹோட்டல், தியேட்டர், மருத்துவர், பத்திரிகை என்று செழித்திருந்தது. 1921 மே 31 இரவும் மறுநாளும் வெள்ளைக் கும்பல் 35 தெருவட்டங்களை எரித்தது. காப்பீட்டு நிறுவனங்கள் ‘கலவரம்’ என்று காரணம் சொல்லிப் பணம் தரவில்லை. 1930களில் அரசு நிறுவனமே வரைபடத்தில் கறுப்பர் பகுதிகளைச் சிவப்பாக்கிக் கடனுக்கு ஆகாத இடம் என்று குறித்தது. பட்டேலுக்கு 1980இல் காப்பீடு மறுத்த கஷ்டம் பெரிது. இது அதைப்போல நூறு வருடம். நமக்கு வாசலைத் திறந்துவிட்ட 1965 சட்டமே கறுப்பர்களின் சிவில் உரிமைப் போராட்டம் உருவாக்கிய காற்றில் வந்தது என்பதை அந்த விருந்துகளில் யாரும் சொல்வதில்லை.

சரி தம்பி, உங்கள் கடைசிக் கேள்வி. தமிழருக்கு ஏன் ஒரு கடை இல்லை?

இத்தனை நேரம் சொன்ன கணக்கையே நமக்குப் போட்டுப் பாருங்கள். நாம் பெரும்பாலும் வந்தது ஹெச்-1பி வழியே, 1990 சட்டம் தந்த வேலை விசாவில். வருடத்துக்கு 65,000, இங்கே முதுகலை படித்தவர்களுக்கு இன்னும் 20,000. பட்டேலை உறவு உள்ளே இழுத்தது. நம்மை நிறுவனம் இழுத்தது. உறவு இழுத்தால் வந்த அன்றே கிரீன் கார்டு, மறுநாளே கடையில் நிற்கலாம். ஹெச்-1பிக்காரர் ஒரு கடையில் பணம் போடலாம், கல்லாவில் நின்று வேலை செய்ய முடியாது. கிரீன் கார்டுக்கு ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பு இருப்பதால் இந்தியர் வரிசை தலைமுறைக் கணக்கில் நீள்கிறது. கடை வைக்கும் வயதெல்லாம் வரிசையில் போய்விடுகிறது. நல்ல சம்பளம் இருப்பதால் வைக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. யிக் வோவுக்கு வேறு கதவு இல்லாததால் சலவைக்கடை. நமக்கு வேறு கதவு இருந்ததால் கடை இல்லை.

இனப் பொருளாதாரம் நமக்கு அறவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். தேசி கன்சல்டன்சி என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, நம் ஆட்கள் நடத்தும் கணினி ஆள்சேர்ப்பு நிறுவனம். ஊர்க்காரர், தெரிந்தவர், நண்பனின் நண்பன் விசாவுக்கு விண்ணப்பிப்பார். ஒரே வீட்டில் ஆறு பேர் தங்கி ரெஸ்யூமே தயாரிப்பார்கள். ப்ராஜெக்ட் கிடைக்கும்வரை பெஞ்சில், அதாவது வேலையில்லாமல் காத்திருப்பு. பெஞ்சில் இருந்தாலும் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கொடுக்காத ஒருவரிடம் நானே நாலு மாதம் இருந்திருக்கிறேன். “நம்ம பையன், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ” என்று அவர் தமிழில்தான் சொன்னார்.

2015 மே மாதத்திலிருந்து, கிரீன் கார்டு வரிசையில் ஒரு கட்டம் தாண்டிய ஹெச்-1பிக்காரர்களின் கணவன் அல்லது மனைவிக்கு வேலை அனுமதி அட்டை கிடைக்கிறது. அதில் சொந்தத் தொழிலும் செய்யலாம். எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பெண், ஊரில் வேதியியல் விரிவுரையாளராக இருந்தவர், ஆறு வருடம் வீட்டிலேயே இருந்தார். அட்டை வந்ததும் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஒரு சமையலறையைப் பிடித்து, உரிமம் வாங்கி, இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தார். இப்போது மூன்று ஊர் இந்தியக் கடைகளுக்குப் போடுகிறார். உதவிக்கு அவர் சேர்த்துக்கொண்ட இரண்டு பேரும் அதே அட்டைக்காகக் காத்திருந்தவர்கள். அதில் ஒருவர் போன வாரம் விலகி, பக்கத்து ஊரில் தனியாகத் தொடங்கிவிட்டாராம். இவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் கிரைண்டர் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று இவரே சொல்லி அனுப்பியிருக்கிறார்.